ஆயுதத் தடையும் மலாயா இரப்பரும்

ஆயுதத் தடை சில வேளைகளில் படைக்கலங்களோடு அவற்றிற்குத் துணையாகும் மூலப்பொருள்களையும் தழுவுவதுண்டு. கொரியப் போரின்போது, 1951 மே 18இல், ஐ.நா. பொதுப்பேரவை சீனாவிற்கும் வடகொரியாவிற்கும் எதிராக இத்தகைய தடையைப் பரிந்துரைத்தது. படை வண்டிகளின் சக்கரங்களுக்கு வேண்டிய இரப்பரும் போர்ப்பொருளாகவே கருதப்பட்டது. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட மலாயாவிலிருந்து சீனாவிற்கு இரப்பர் அனுப்புவது நிறுத்தப்பட்டது. தஞ்சோங் கிளிங்கை உள்ளடக்கிய மலாக்கா மாநிலத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்களின் உழைப்பும் இவ்வாறு உலக அரசியலின் பிடிக்குள் வந்தது.

அப்பொழுது ஐ.நா. உறுப்பு நாடாக இல்லாத இலங்கையோ, 1952இல் சீனாவுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டு, அரிசிக்கு மாற்றாக இரப்பரை அனுப்பியது. பேரவையின் பரிந்துரை எந்நாட்டையும் கட்டுப்படுத்தாது. 1977இல் தென்னாப்பிரிக்கா மீது பாதுகாப்பு மன்றம் விதித்த ஆயுதத் தடையோ உறுப்பு நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தியது. எல்லாரும் கடைப்பிடிக்காத தடை, வணிகத்தின் வழியை மாற்றுமேயன்றி அடைப்பதில்லை.