சூளைக்கு முன் தீட்டும் நிறம்

வயலை விட்டு வெளியேறிய குடும்பத்துக்கு அடுத்த போகம் எப்போது என்று தெரியாது. 2006இல் வெருகல், ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்தபோது இதுவே நிலை. காணியில்லாக் காலத்தில் முற்றத்திலேயே பெண்கள் செய்யக்கூடிய தொழில்களுள் ஒன்று, சித்திரம் தீட்டிய மட்பாண்டம். ஆனால் நிறத்தை எப்போது பூசுகிறோம் என்பதிலேயே இதன் இலாபமும் நட்டமும் தங்கியுள்ளன.

இந்தியாவில், குஜராத் மாநிலத்தின் கச்சு மாவட்டத்திலுள்ள காவ்டா கிராமத்தைப் பார்ப்போம். அங்கே குயவர் குடும்பங்களில் ஆண்கள் சக்கரத்தில் பாண்டம் வனைவர். அது காய்ந்த பின் பெண்கள் காவி பூசி, வெள்ளை, கறுப்பு மண் நிறங்களால் கோடும் புள்ளியும் இடுவர். அதன் பின்னரே சூளை. 2001 சனவரி 26ஆந் திகதி பூமியதிர்ச்சி அம்மாவட்டத்தைச் சிதைத்தது. 2005இல் அங்கு தொடங்கிய கமீர் என்னும் நிறுவனம் இத்தகைய கைவினைஞருக்குச் சந்தை தேட உதவுகின்றது.

சூளைக்கு முன் பூசும் மண்நிறம் பாண்டத்தோடு சேர்ந்து வேகும். கழுவினால் எளிதில் போகாது. சுட்ட பின் கடைப் பெயின்ற் பூசினால் அடுப்பில் கருகும், நீர்பட்டு உரியும். சில பெயின்றில் ஈயமும் இருக்கலாம். ஆகவே அது அலங்காரத்துக்கு மட்டுமே. சோறு கறிக்கு ஆகாது. பெயின்றுக்குக் கொடுத்த காசும் வீட்டில் தங்காது.

தொடங்குமுன் மண்ணைச் சோதிப்போம். குழைத்த களியைப் பென்சில் அளவில் உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காவிடில் வனைய ஏற்றது. காயும்போது பிளந்தால் நுண்மணல் சேருங்கள். செம்மண்ணைக் கரைத்து, மணல் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் குழம்பைத் துணியில் வடித்தால் செந்நிறம் கிடைக்கும். வெள்ளைக்குச் சுண்ணாம்பு வேண்டாம். சூட்டில் நீறி உதிரும். வெண்களியே தேவை. எதையும் முதலில் சிறு துண்டில் பூசிச் சுட்டுப் பாருங்கள். ஆற்றோரத்தில் மண் எடுப்பதாயின் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

இனி விலை. இருபது சட்டி சுட்டு மூன்று உடைந்தால், இருபதின் செலவையும் பதினேழே சுமக்க வேண்டும். இதை மறந்தே பலர் நட்டப்படுகின்றனர். அதைவிடப் பெரிய மறதி ஒன்றுண்டு: வனைந்தவருக்குக் கூலி எழுதுவோம், தீட்டிய தாயின் மூன்று மணி நேரத்தை 'வீட்டு உதவி' என்று விட்டுவிடுவோம். வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பது அந்தச் சித்திரத்துக்கே அல்லவா?

எனவே மாதர் சங்கத்தின் கணக்குக் கொப்பியில் தீட்டும் கூலிக்குத் தனி நிரல் ஒன்று போடுங்கள். அப்பணம் அவர் கையிலேயே சேரட்டும்.