உப்புக் கரிக்கும் முத்தம்

குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா? 'அந்தப் பிள்ளை தங்காது' என்பார்களாம், ஐரோப்பாவில் அந்தக் காலத்தில். மூடநம்பிக்கை என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம்! 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்னும் பரம்பரை நோயின் அடையாளமாம் அது. (பயப்படாதீர்கள், வெயிலில் ஆடிவிட்டு வந்தால் எந்தப் பிள்ளைக்கும் உப்புத்தான்.) ஒரு ஜீன் பழுதானதால் வியர்வையில் உப்பு மிகுகிறது, நுரையீரலில் சளி பசையாய் அடைக்கிறது.

நல்ல ஜீனை மூச்சுக்குழாய்க்குள் அனுப்பினால் என்ன? வைரஸில் ஏற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உடம்பு சும்மா விடுமா? மறுபடி வந்தால் எதிர்க்கிறது. அங்குள்ள செல்களோ உதிர்ந்து புதிதாவதால் மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதனால்தான் செயற்கைக் கொழுப்பு. கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி ஜீனைப் பொதிந்து, நெபுலைசர் வழியாகப் புகைபோல உள்ளிழுக்க வைப்பது.

பிரிட்டனில் 2012 முதல் 2014 வரை இதைச் சோதித்தார்கள். 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மாதம் ஒரு தடவை, ஓராண்டு. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்பு நீர். 116 பேரைக் கணக்கிட்டு 2015-ல் வெளியான முடிவு: ஊதும் மூச்சின் அளவில் வித்தியாசம் 3.7 சதவீதம்.

"பூ, இவ்வளவுதானா?" என்றேன். பிறகுதான் உறைத்தது. உப்பு நீர் இழுத்தவர்களுக்கு மூச்சு குறைந்துபோனது. மருந்து இழுத்தவர்களுக்குப் பெரும்பாலும் குறையாமல் நின்றது. வருஷா வருஷம் தேயும் மூச்சு நிற்பது பெற்றவளுக்குச் சின்ன விஷயமா?

2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மும்மருந்து மாத்திரை பலருக்குக் கைகொடுக்கிறது. அந்த ஜீன் தர வேண்டிய புரதமே உருவாகாதவர்களுக்கு மாத்திரை பலிக்காது. ஜீன் ஆராய்ச்சி அவர்களுக்காகத்தான் தொடர்கிறது.