மூக்குத் தண்டு அறுவை சிகிச்சை: மூன்றாம் நாளும் மூன்றாம் மாதமும்

மூக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களின் இல்லங்களிலிருந்து மூன்றாம் நாளில் எங்களுக்கு அடிக்கடி ஓர் அழைப்பு வரும். "டாக்டர், முன்பு ஒரு பக்கம்தான் அடைத்திருந்தது, இப்போது இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. ஆபரேஷன் சரியாக அமையவில்லையா?" பேசுபவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், இரவெல்லாம் அருகில் விழித்திருந்த மனைவியோ தாயோதான். அந்த அச்சத்திற்கு நாங்களும் ஒரு வகையில் காரணம். அறுவை சிகிச்சை நடைபெறும் நாளைப் பற்றி விரிவாகக் கூறும் நாங்கள், அதற்கடுத்த நாட்களைப் பற்றி அவசரமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அக்குறையைப் போக்கவே இதை எழுதுகிறோம்.

வளைந்திருப்பது எது?

மூக்கின் இரு துளைகளுக்கும் நடுவே ஒரு சுவர் உள்ளது. அதன் முன்பகுதி குருத்தெலும்பாலும் பின்பகுதி எலும்பாலும் ஆனது. இதனையே மக்கள் மூக்குத் தண்டு என்கின்றனர். முற்றிலும் நேரான தண்டு உடையவர்கள் குறைவு. ஆகவே, ஸ்கேனில் வளைவு தெரிகிறது என்பதால் மட்டும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. அவ்வளைவு மூச்சை உண்மையிலேயே தடுக்கிறதா என்பதே கேள்வி.

மூக்கின் பக்கச் சுவர்களில் டர்பினேட் எனப்படும் சதை மடிப்புகள் உள்ளன. உள்ளே செல்லும் காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரப்படுத்துவது இவற்றின் பணி. ஒவ்வாமையால் இவை வீங்கும்போதும் மூக்கு அடைக்கும். சில மணி நேரத்திற்கு ஒருமுறை ஒரு பக்கம் சற்று அடைத்து மறுபக்கம் திறப்பது பெரும்பாலோருக்கு இயல்பு, அது நோயன்று.

இதனால்தான் முதலில் சில வாரங்கள் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே மருந்தைப் பரிந்துரைக்கிறோம். அதிலேயே பலருக்கு நலம் கிட்டுகிறது. கடையில் தாமாகவே வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அதனைத் தொடர்ந்து பல நாட்கள் பயன்படுத்தினால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். அத்தகைய பழக்கம் இருந்தால் மறைக்காமல் கூறுங்கள்.

அறுவை சிகிச்சை எதைச் சரிசெய்யும்?

வளைந்த தண்டை நேராக்குவதும், தேவைப்பட்டால் வீங்கிய டர்பினேட்டைச் சிறிதாக்குவதுமே இதன் நோக்கம். வழியிலுள்ள தடை நீங்கும், ஒவ்வாமை நீங்காது. தூசியும் புகையும் பட்டால் தும்மல் பழையபடியே வரும். அதற்கான மருந்தைத் தொடர வேண்டும். குறட்டை சிலருக்குக் குறையும், ஆனால் அதற்கு உறுதி கூற இயலாது. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயை இந்த அறுவை சிகிச்சை மட்டுமே பெரும்பாலும் குணப்படுத்துவதில்லை. மூக்கின் வெளித்தோற்றத்தை மாற்றுவதும் இதன் நோக்கமன்று.

அன்றைய நாள்

பெரும்பாலும் முழு மயக்கத்தில், மூக்குத் துளையின் வழியாகவே அறுவை செய்வதால் முகத்தில் தையல் தெரியாது. மூக்குத்தியை முன்னதாகவே கழற்றிவிடுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் முன்கூட்டியே தெரிவியுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.

முதல் வாரம்

இனி அந்த மூன்றாம் நாளுக்கு வருவோம். உள்ளே வீக்கம் இருக்கும். இரத்தக் கட்டிகளும் பொருக்குகளும் சேர்ந்திருக்கும். சிலருக்குப் பஞ்சு அடைப்பு ஓரிரு நாட்களும், சிலிக்கோன் தகடுகள் ஏறத்தாழ ஒரு வாரமும் உள்ளே இருக்கும். எனவே அப்போது வாயால்தான் மூச்சுவிட நேரும். வாய் வறளும், விழுங்கும்போது காது அடைப்பது போலத் தோன்றும், மேல் முன்பற்கள் மரத்திருக்கலாம், இளஞ்சிவப்பு நீர் கசியலாம். இவை எதிர்பார்க்கத்தக்கவை. அறுவை சிகிச்சை தோற்றதன் அடையாளங்கள் அல்ல.

தலையணையை உயர்த்திப் படுங்கள். இரண்டு வாரங்களுக்கு மூக்கைச் சிந்த வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குனிந்து கோலமிடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, உடற்பயிற்சி ஆகியவற்றைத் தவிருங்கள். மூக்குப்பொடி, புகைபிடித்தல் கூடாது. சளி பிடித்தால் ஆவி பிடிப்பது நம் வீடுகளில் வழக்கம்; ஆனால் இக்காலத்தில் வெப்பம் இரத்தக் கசிவைத் தூண்டக்கூடும் என்பதால் எங்களைக் கேளாமல் அதைச் செய்ய வேண்டாம். உப்புநீரால் மூக்கைக் கழுவக் கூறியிருந்தால், கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: தாளிக்கும் நெடியும் சாம்பிராணிப் புகையும் நோயாளியின் அறைக்கு எட்டாதிருக்கட்டும்.

உடனே வரவேண்டிய நேரங்கள்

இரத்தம் வந்தால் உட்கார்ந்து சற்று முன்னோக்கிக் குனியுங்கள்; வாயில் வருவதை விழுங்காமல் துப்பிவிடுங்கள். பதினைந்து நிமிடங்களில் நிற்காவிட்டாலோ பெருக்கெடுத்தாலோ காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், தொடர் வாந்தி, உடலில் தடிப்பு, பார்வையில் மாற்றம், தெளிந்த நீர் இடைவிடாது சொட்டுதல் ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவையே.

அடைப்போடு வலியும் நாளுக்கு நாள் கூடினால் சிறப்புக் கவனம் தேவை. தண்டின் படலத்திற்கு அடியில் இரத்தம் தேங்கியிருக்கலாம். அதை விரைந்து வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு சிதைந்து மூக்கின் வடிவமே தாழ்ந்துவிடக்கூடும். எளிய அளவுகோல் ஒன்றை நினைவில் வையுங்கள்: வலி குறைந்துகொண்டே வர, அடைப்பு மட்டும் நீடித்தால் பொறுத்திருக்கலாம், வலி ஏறினால் புறப்பட்டு வாருங்கள். ஐயம் எழுந்தால் இரவானாலும் அழையுங்கள்.

மூன்றாம் மாதம்

தகடுகளை எடுத்ததும் சிலர் "இப்படியும் மூச்சு விட முடியுமா!" என வியப்பதுண்டு. அதன் பின்னரும் சில நாட்கள் மீண்டும் அடைக்கலாம். பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் பணிக்குத் திரும்புகின்றனர். ஆனால் உள்வீக்கம் முழுமையாக வடிந்து உண்மையான பலன் தெரிய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்குத் தண்டில் துளை விழுதல், மீண்டும் வளைதல், எதிர்பார்த்த அளவு முன்னேற்றம் இல்லாமை ஆகியவை நேர்வதும் உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் இவற்றைப் பற்றிக் கேளுங்கள்; விளக்குவது எங்கள் கடமை.

இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் அவசரமானதன்று. வீட்டில் திருமணமோ பொதுத்தேர்வோ நெருங்கியிருந்தால் தள்ளி வைப்பதில் தவறில்லை. ஓய்வெடுக்கவும், மறுபரிசோதனைக்குத் தவறாமல் வரவும் இயலும் நாட்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் நாளில் முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றாம் மாதத்தில் உங்கள் மூக்கே விடை சொல்லும்.