வண்டியின் குளிர்சாதனம்: பழுதை வீட்டிலேயே அறிதல்

ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட்டைத் தடவுகின்றனர். தடவிய இடம் சில்லென்றிருக்கிறது. ஸ்பிரிட் இயல்பிலே குளிர்ந்த பொருளன்று. புட்டியிலிருக்கும்போது அதன் உஷ்ணம் அறையின் உஷ்ணமே. ஆவியாக மாறுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது தோலினின்றும் எடுத்துக்கொள்ளுகிறது. அதனாலேயே தோல் குளிர்கிறது. மோட்டார் வண்டியின் குளிர்சாதனம், மக்கள் வழக்கில் ஏர்கோன், இந்த ஒரே தத்துவத்தைக் கொண்டுதான் இயங்குகிறது. இதை மனத்திற் கொண்டவர், பழுதுக்கான காரணங்களிற் பலவற்றைப் பட்டறைக்குப் போகாமலே கண்டுகொள்ளலாம். அறியாதவரோ வண்டி குளிராவிட்டால் உடனே "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று முடிவுகட்டி, ஆண்டுதோறும் பணத்தைக் காற்றிலே விடுகின்றனர். கேஸ் என்பது பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளன்று. அது வெகுவாகக் குறைந்ததென்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள்.

அமெரிக்காவின் பெக்கார்டு கம்பெனி 1939ஆம் ஆண்டில் தன் வண்டிகளுக்குக் குளிர்சாதனத்தை அறிவித்தபோது, அது பின்புறச் சாமான் அறையிற் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. அதை நிறுத்தவேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றவேண்டும்! பின்னர் எல்லா வண்டிகளிலும் பரவிய ஆர்-12 என்னும் வாயு, வானிலுள்ள ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரியவந்து, 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பேரில் கைவிடப்பட்டது. அதனிடத்தில் 1990களில் ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக உலகைச் சூடேற்றவல்லது. கசியும் வண்டிக்கு மேலும் மேலும் கேஸ் ஏற்றுவது பணநஷ்டம் மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

சாதனத்தின் ஓட்டம் எளியது. கம்பிரஸர் ஆவியை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட ஆவி சூடேறுகிறது. சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதைச் சிறுவரும் அறிவரன்றோ? அந்தச் சூடான ஆவி ரேடியேட்டருக்கு முன்னே நிற்கும் கண்டென்சரில் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. திரவம் ஒரு நுண்ணிய வால்வு வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னுள்ள கூலிங் காயிலில் பாய்ந்து, அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் கொதித்து ஆவியாகி, வண்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. 134ஏ, சாதாரணக் காற்றழுத்தத்தில் சைபருக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இனிப் பழுதைப் பார்ப்போம். முதற்கேள்வி: காற்று குறைவாக வருகிறதா, அன்றிச் சூடாக வருகிறதா? இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். காற்றே குறைவென்றால் கேஸுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. பல வண்டிகளில் முன்னிருக்கைக் கைப்பெட்டிக்குப் பின்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. தூசியும் இலைச்சருகும் அடைத்து அது கம்பளிபோல் ஆகியிருப்பதைக் காணலாம். புதியதை மாற்றக் கால்மணி நேரம் போதும். விசிறி கடைசி வேகத்தில் மட்டும் சுழன்றால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை எரிந்திருக்கக்கூடும். முதலில் நன்றாகக் குளிர்ந்து, நெடுந்தூரம் சென்றபின் காற்று குன்றி, சற்று அணைத்துவைத்தால் மீண்டும் வருமாயின், கூலிங் காயிலில் பனிக்கட்டி உறைகிறதென அறிக.

காற்று பலமாக, ஆனால் சூடாக வந்தால் பானட்டைத் திறக்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவேண்டியிருப்பதால் வண்டி வெட்டவெளியில் நிற்பது அவசியம். மூடிய கொட்டகையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. அது உயிரைக் குடிக்கும். தோளில் துண்டு தொங்கலாகாது. மின்விசிறி சொல்லாமலே சுழலத் தொடங்கும். கலப்பின வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கம்பிகளை எவ்வாற்றானும் தொடலாகாது. அவற்றில் ஓடுவது உயர்ந்த மின்னழுத்தம்.

ஏர்கோனை முடுக்கியதும் கம்பிரஸரின் கப்பிக்கு முன்னுள்ள தட்டு 'டக்'கென ஒட்டிக்கொண்டு சுழலவேண்டும். (கிளச்சே இல்லாத கம்பிரஸர்களும் உண்டு, அவற்றுக்கு இச்சோதனை செல்லாது.) ஒட்டாவிட்டால் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க. அவை சரியெனில், கேஸ் மிகக் குறைந்து, அழுத்த ஸ்விட்ச் தடுத்து நிற்கலாம். அந்த ஸ்விட்சைக் கம்பியால் இணைத்து ஏமாற்றும் கெட்டிக்காரர் உளர். கம்பிரஸருக்கு எண்ணெயைக் கொண்டுசெல்வது கேஸே. கேஸின்றிச் சுழலும் கம்பிரஸர் உராய்ந்து இறுகிப்போகும். சிறு செலவு பெருஞ்செலவாகும்.

ஓடும்போது குளிர்கிறது, நின்றால் குளிரவில்லை என்பது இன்னொரு குறை. திருநாட்காலத்தில் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கும்போதுதான் பலர் இதனை உணர்கின்றனர். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கும். நின்றால் மின்விசிறியே துணை. ஆகவே விசிறி சுழல்கிறதா என்று பார்த்தல் வேண்டும். சுழன்றும் பயனில்லையெனில் கண்டென்சரில் சேறும் பூச்சிகளும் அடைந்திருக்கலாம். எஞ்சின் ஆறியபின் மெல்லிய நீரால் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

வண்டிக்கடியில் தெளிந்த நீர் சொட்டினால் அஞ்சவேண்டா. அது காற்றின் ஈரம். சொட்டாமல் காலடி விரிப்பு நனைந்தால்தான் வடிகுழாய் அடைபட்டதென்க. குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி படிந்திருப்பதோ கசிவின் அடையாளம்.

எஞ்சின் நின்றிருக்கும்போது அழுத்தமானி வைத்து, 30 டிகிரி வெயிலில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 ராத்தல் காட்டுவதைக் கண்டு "கேஸ் நிறைவு" என்று கூறுவது தவறு. உள்ளே சிறிது திரவம் இருக்கும்வரை அழுத்தம் உஷ்ணத்தைப் பொறுத்ததேயன்றி அளவைப் பொறுத்ததன்று. ஆதலின் கேஸை எடைபோட்டே ஏற்றவேண்டும். எத்தனை கிராம் என்பது பானட்டின் கீழுள்ள சீட்டில் அச்சாகியிருக்கும். டப்பாவை உயர் அழுத்தக் குழாயில் இணைத்தால் வெடிக்கக்கூடும்.

இந்த வேலை பட்டறைக்குரியது. கசிவை அடைத்தபின் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பினால் உறிஞ்சி எடுப்பர். அழுத்தம் வெகுவாகக் குறையவே, நீர் அறை உஷ்ணத்திலேயே கொதித்து வெளியேறும். ஈரம் தங்கினால் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். பிறகு பம்பை நிறுத்தி, மானியின் முள் ஏறுகிறதா என்று சற்றுநேரம் காத்திருப்பர். ஏறினால் கசிவு இன்னும் அடைபடவில்லை; கேஸை ஏற்றச் சம்மதிக்கலாகாது.