முதுமையும் மருந்தளவும்

மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் வந்து சேரும் முதியவர்களுள் பலர், பல இடங்களில் பெற்ற மருந்துகளை ஏற்கெனவே உட்கொண்டு வருபவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும், தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்தவையும், மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கியவையும், நாட்டு மருந்துச் சூரணமும் ஒரே பையில் கிடக்கும்போது, ஒரே வேதிப்பொருள் இரு வணிகப் பெயர்களில் இருமுறை உடலுக்குள் போய்விடுவதும் உண்டு.

இளமையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இத்தகைய மிகை, முதுமையில் ஆபத்தாவதற்குச் சிறுநீரகமே முதற்காரணம். இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்னும் தசைக்கழிவின் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மதிப்பிட, 1976இல் வெளியான காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரம், ஆண்களைப் பொறுத்தவரை, 140இலிருந்து வயதைக் கழித்து, உடல் எடையால் பெருக்கி, கிரியாட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்கச் சொல்கிறது. கிரியாட்டினின் 1.0 என்றிருக்கும் 30 வயது, 60 கிலோ இளைஞருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 92 மில்லி என்று வரும் விடை, அதே 1.0 உள்ள 80 வயது, 40 கிலோ முதியவருக்கு 33 மில்லியாகச் சுருங்குகிறது. தசை மெலிந்தவரின் உடலில் கழிவே குறைவாக உண்டாவதால் ஆய்வகச் சீட்டு ‘நார்மல்’ என்று காட்டுகிறதே தவிர, சிறுநீரகம் நலமாக இருப்பதால் அன்று. எடையையும் வயதையும் பாராமல் அந்தச் சீட்டை மட்டும் நம்பி எழுதப்படும் மருந்தளவு மிகையாகவே முடியக்கூடும். சித்திரை வெயிலில் நீர் வற்றிய உடலில் பிரஷருக்கான எனலாப்ரில், நீர் பிரியும் மாத்திரை, வலிமாத்திரையான டைக்ளோஃபினாக் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கவும் கூடும்.

மூளைக்கும் இடர் உண்டு. 20 வயதில் ஏறத்தாழ 20 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் டயசிபாம் என்னும் தூக்க மருந்து, 80 வயதில் அதற்கு 90 மணி நேரம் வரை எடுத்துக்கொள்வதால், நாள்தோறும் கொடுத்த மருந்து உடலில் சேர்ந்து மயக்கத்தையும் கீழே விழுதலையும் உண்டாக்குகிறது. சாதாரண ஒவ்வாமைக்குப் போடும் அவில் ஊசிகூட மனக்குழப்பத்தையும் சிறுநீர்க்கட்டையும் உண்டாக்கக்கூடும். ‘வயசாயிருச்சு, பிதற்றுகிறார்’ என்று வீட்டார் கருதும் குழப்பங்களுள் சில மருந்தால் வந்தவையே. முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் பட்டியலிட்டார். 2023 வரை திருத்தப்பட்டுள்ள அப்பட்டியலில் டயசிபாம், அவில் ஆகிய இவ்விரு மருந்துகளின் வகைகளும் இடம்பெற்றுள்ளன.

பட்டியலைவிட முதலில் வேண்டுவது, நோயாளி படுக்கைக்கு வந்தவுடன் அவருடைய பையைக் கொட்டி, ஒவ்வொரு மாத்திரையையும் புதிய மருந்துச்சீட்டோடு ஒப்பிட்டுத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவு செய்வதுதான். மருந்து ஒப்புநோக்கல் எனப்படும் இப்பணிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நேரம் ஒதுக்கப்பட்ட ஓர் ஆள் வேண்டும். இந்தியாவில் 2008இல் தொடங்கப்பட்ட ‘பார்ம்.டி’ படிப்பு இதற்கான பயிற்சியை அளிக்கிறது என்றாலும், நெரிசல் மிகுந்த அரசு வார்டுகளில் அப்படிப்பை முடித்தவர்களுக்கென நிலையான பணியிடங்களை உருவாக்குவதே அவசரத் தேவை எனலாம். வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கத்தில், நிறுத்தப்பட்ட மாத்திரைகளின் பெயர்களும் தமிழில் எழுதப்பட வேண்டும். அச்சுருக்கத்தின் நகல் ஊரில் மருந்து கொண்டு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலருக்கும் போய்ச் சேராவிட்டால், மதுரையில் நிறுத்திய மாத்திரை உசிலம்பட்டியில் அடுத்த முறையே மீண்டும் கைக்கு வந்துவிடும்.