குளிர் வாடகையா, சூடு வாடகையா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் நம் பெரியவர்கள். ஜெர்மனியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்திருந்தால் அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள்!

என்ன சகோதரி, சிரிக்கிறீர்களா? நமக்குத் தெரிந்த எத்தனையோ குடும்பங்களில் பெண்ணோ பிள்ளையோ மியூனிக்கிலும் பிராங்க்பர்ட்டிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். "அம்மா, ஒரு வீடு கிடைத்திருக்கிறது. வாடகை சகாயந்தான்" என்று டெலிபோனில் சொன்னால் நாம் என்ன கேட்கிறோம்? "காற்றோட்டம் எப்படி? ஸ்வாமி படம் வைக்க இடம் இருக்கிறதா?" இவ்வளவுதான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "வீட்டைச் சூடாக்க வருஷத்துக்கு என்ன செலவு?"

இதை நான் என் பெண்ணின் பிரசவத்துக்காக அங்கே போயிருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

வாடகைக்கு இரண்டு பெயர்

அந்த நாட்டில் 'கால்ட்மீட்டே' என்று ஒன்று உண்டு. குளிர் வாடகை என்று அர்த்தம். இன்னொன்று 'வார்ம்மீட்டே', அதாவது சூடு வாடகை. குளிர் வாடகை வெறும் சுவருக்கும் கூரைக்கும். கணப்பு, தண்ணீர், குப்பை எடுப்பது முதலிய செலவுகளுக்காக மாதாமாதம் ஓர் உத்தேசத் தொகையை அதனுடன் சேர்த்தால் சூடு வாடகை. வீட்டு மின்சாரம் பெரும்பாலும் இதில் சேராது. அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

உத்தேசத் தொகை என்றேன் அல்லவா? அதில்தான் சூட்சுமம். வருஷ முடிவில் கணக்குப் பார்ப்பார்கள். குறைவாகச் செலவாகியிருந்தால் பணம் திரும்பி வரும். அதிகமாகியிருந்தால் நாம் கட்டவேண்டும். கணக்கு வருஷம் முடிந்த பிறகு கணக்கைக் கொடுக்க வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. ஆகவே, உத்தேசத் தொகையைக் குறைத்துப் போட்டால் வீடு மலிவாகத் தோன்றும். உண்மை வெளிவர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம்.

என் பெண் பார்த்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மாதம் 60 யூரோ குறைவு. அதையே எடுத்தாள். குழந்தை பிறந்து மூன்றாவது மாதம் வந்தது கடிதம்: பாக்கி 800 யூரோ! குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்க வைத்திருந்த பணம் கணப்புக்குப் போயிற்று.

ஒரு சின்னக் கணக்கு

அவள் அந்தப் பாக்கியைத் தவிர்த்திருக்கலாம். வீடு பார்க்கப் போகும்போதே 'எனர்கி அவுஸ்வைஸ்' என்ற எரிசக்திச் சான்றிதழை வீட்டுக்காரர் காட்டியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். பள்ளிக்கூட மார்க்கு மாதிரி 'ஏ பிளஸ்' முதல் 'எச்' வரை அதில் தரம் போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் எரிசக்தி வேண்டும் என்ற எண்ணும் இருக்கும். 30-க்குக் கீழே இருந்தால் முதல் தரம். 250-க்கு மேலே போனால் கடைசித் தரம்.

வீடு 70 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 என்று போட்ட 'பி' தர வீட்டுக்கு 4,200 யூனிட் வேண்டும். 220 என்று போட்ட 'ஜி' தர வீட்டுக்கு 15,400 யூனிட். யூனிட் 10 சென்ட் என்று கணக்குக்காக வைத்தால், முதல் வீட்டுக்கு 420 யூரோ, இரண்டாவதற்கு 1,540 யூரோ. வித்தியாசம் 1,120, மாதத்துக்கு ஏறக்குறைய 93! வாடகையில் 60 மிச்சம் பிடித்துக் கணப்பில் 93 கொடுப்பது என்ன சிக்கனம்?

"நான் கணப்பை அணைத்துவிட்டுச் சமாளிப்பேன்" என்பீர்கள். முழுவதும் நடக்காது. பல குடித்தனங்களுக்குப் பொதுவான கணப்பு உள்ள கட்டடங்களில் செலவில் 50 முதல் 70 சதவிகிதம் வரைதான் அவரவர் உபயோகத்தைப் பொறுத்தது. மிச்சத்தை வீட்டின் பரப்புக்குத் தக்கபடி பங்கு போடுகிறார்கள். டிசம்பர் முழுவதும் ஊரில் வந்து இருந்தாலும் அந்தப் பங்கு உங்கள் தலையில்தான்.

வீடு பார்க்கும்போது

சான்றிதழ் கட்டடம் முழுவதற்கும் சேர்ந்தது. உங்கள் குடித்தனம் எப்படி என்று நீங்களேதான் பார்க்கவேண்டும்.

கட்டடம் எப்போது கட்டியது என்று கேளுங்கள். சுவரும் கூரையும் சூட்டைக் காக்க வேண்டும் என்ற முதல் விதி அங்கே 1977-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வீடு என்றால், பின்னால் செப்பனிட்டார்களா என்று விசாரியுங்கள். உயர்ந்த கூரையுள்ள பழைய வீடு அழகுதான். அவ்வளவு காற்றையும் சூடாக்கப் பணம் வேண்டுமே!

கூரைக்கு அடியில் உள்ள மாடி, சூடில்லாத நிலவறைக்கு மேலே உள்ள தளம், மூலை வீடு இவை அதிகம் குளிரும். நான்கு பக்கமும் அண்டை வீட்டார் சூழ்ந்த நடு வீடு கதகதப்பாக இருக்கும். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியா என்று பாருங்கள். ஓரத்தில் கையை வைத்தால் காற்று அடிக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரத்தால் சூடாகும் கணப்பு என்றால் இரண்டு முறை யோசியுங்கள். அங்கே மின்சார யூனிட் எரிவாயுவைவிட விலை அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருஷத்துக் கணப்புக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். முன்பு குடியிருந்தவரிடம் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

சாம்பார் ஆவியும் சுவரும்

கடிதத்தைக் கண்டு பயந்து என் பெண் கணப்பைக் குறைத்தாள். குழந்தைக்குச் சளி பிடித்தது. சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. குற்றவாளிகளில் நானும் ஒருத்தி! தினம் இட்லி அவித்தேன். சாம்பார் கொதிக்க வைத்தேன். குழந்தைத் துணியை அறைக்குள்ளேயே உலர்த்தினேன். அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில் போய்ப் படிந்துவிட்டது.

பிறகு பக்கத்து வீட்டு அம்மாள் வழி சொன்னார். அவர்கள் ஊர் வழக்கப்படி ஜன்னலை நாள் முழுதும் ஒருக்களித்து வைக்கக் கூடாதாம். தினம் இரண்டு மூன்று தடவை ஐந்து நிமிஷம் அகலத் திறந்து மூடவேண்டுமாம். கெட்ட காற்று போய்விடும், சுவர் குளிராது. அறைச் சூட்டை ஒரு டிகிரி குறைத்தால் செலவில் சுமார் 6 சதவிகிதம் மிச்சமாகும் என்றும் சொன்னார். ஆனால் கைக்குழந்தை இருக்கும் அறையில் மிச்சம் பிடிக்க வேண்டாம், சகோதரி. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பிடிக்க வேண்டிய மிச்சம் அது.

அடுத்த முறை டெலிபோனில் "வாடகை சகாயம், அம்மா" என்று குரல் கேட்டால், "எந்த வாடகை? குளிரா, சூடா? போன வருஷத்துக் கணக்கைப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். கடல் தாண்டி இருக்கும் குழந்தைக்குப் போர்வை அனுப்புவதைவிட இந்தக் கேள்வி அதிகம் கதகதப்புத் தரும்!