வேப்பெண்ணெயும் பரிசோதனையும்

வேப்ப மரத்தை அறியாதவர் நம்மில் எவரும் இலர். அதன் கொட்டையை உலர்த்தி, பருப்பெடுத்து, செக்கிலிட்டு ஆட்டினால் கசப்பும் நெடியும் மிக்க எண்ணெய் கிடைக்கிறது. சொறி சிரங்குக்கு அதைத் தடவுவது நெடுநாளைய வழக்கம். "முன்னோர் கண்ட மருந்துக்குப் பரிசோதனை எதற்கு?" என்று சிலர் வினவுவர். அவ்வினாவுக்கு விடை கூறவே நான் விழைகிறேன்.

அனுபவம் நல்ல ஆசான்தான்; ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பலருக்கும் உடனே நேரும் தீங்கை அது விரைவில் காட்டிவிடும். நோயுற்ற குழந்தைக்கு மருந்தைப் புகட்டிய பின் அக்குழந்தை இறந்துபட்டால் என்ன ஆகும்? பழி நோயின்மேல் விழுமேயன்றி மருந்தின்மேல் விழாது. இத்தகைய தீங்கு தலைமுறை தலைமுறையாக மறைந்தே இருக்கக்கூடும்.

இது வெறும் கற்பனையன்று. 1981-ஆம் ஆண்டில், மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பெற்ற 13 கைக்குழந்தைகளைப் பற்றிய செய்தி 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சிறு உபாதைகளுக்காகவே அவர்களுக்கு அதைக் கொடுத்திருந்தனர். வாந்தி, அயர்வு, வேக மூச்சு, வலிப்பு ஆகியவை கண்டன. பின்னர்ப் பிராணிகளிடம் நடத்திய சோதனைகளிலும் இவ்வெண்ணெயால் ஈரலில் கொழுப்புப் படிந்தது.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது? ஒத்த வயதும் எடையும் உடைய எலிகளை இரு பிரிவாக்குவர். ஒரு பிரிவுக்கு வேப்பெண்ணெயும் மற்றதற்குத் தீங்கற்ற வேறோர் எண்ணெயும் புகட்டுவர். இரண்டையும் ஒப்பிட்டால்தான், நேர்ந்த கேடு வேப்பெண்ணெயால் விளைந்ததா, புகட்டிய முறையால் விளைந்ததா என்பது புலனாகும். அளவைப் படிப்படியாகக் கூட்டி, பாதிப் பிராணிகள் இறக்கும் அளவைக் கணிப்பர். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில் இவ்வளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எலிக்கு 14 மில்லிலிட்டர், முயலுக்கு 24 மில்லிலிட்டர் எனக் கண்டனர். நுரையீரலும் நரம்பு மண்டலமுமே பெரிதும் தாக்குற்றன.

இவ்வெண்களைக் கொண்டு மனிதனுக்குரிய அளவைப் பெருக்கிக் கணக்கிடலாகாது. எலிக்கும் முயலுக்குமே இத்துணை வேற்றுமை இருக்க, வளர்ந்த எலியும் பச்சிளங்குழந்தையும் ஒன்றாகுமா? தோலில் தடவுவதும் வயிற்றுக்குள் செலுத்துவதும் ஒன்றாகுமா?

எண்ணெயின் தூய்மையையும் ஆராய வேண்டும். ஈரத்தில் கிடந்த கொட்டையில் பூஞ்சை படரும். சில பூஞ்சைகள் தாமே நஞ்சை உண்டாக்கும். ஆகவே எண்ணெயின் இயல்பு எது, கலந்த நஞ்சின் விளைவு எது என்று பிரித்தறிதல் அவசியம்.

பரிசோதனை முன்னோரை இகழ்வதன்று. அவர்கள் கண்டதற்கு எல்லை வகுப்பதாகும். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்ட முற்படுவோரைக் கண்டால் பணிவுடன் தடுங்கள். முன்னரே புகட்டிவிட்டனர் என்று அறிந்தால், வலிப்பு வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் செய்யுங்கள். புகட்டியது இன்னதென்று மருத்துவரிடம் மறைக்காமல் கூறச் சொல்லுங்கள்.